தோன்றா எழுவாய்

"வைரல் காய்ச்சல்தான். மூணு நாள் பாருங்க."

சிறு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போன எந்தக் குடும்பமும் ஒருமுறையாவது இந்த வாக்கியத்தோடு வீடு திரும்பியிருக்கும். மருத்துவ நோக்கில் பெரும்பாலும் சரியான வாக்கியம்தான். சின்னக் குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் பெரும்பகுதி வைரஸ் தொற்றுகள். ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது அந்த வயதில் இயல்பு. ஒவ்வொரு முறையும் எந்த வைரஸ் என்று சோதிப்பதில்லை. சோதித்தாலும் பெரும்பாலும் சிகிச்சை மாறாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சலைக் குறைத்து, உடலில் நீர் வற்றாமல் காத்து, நிலைமை மோசமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம்.

தமிழ் இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு அந்த வாக்கியத்தில் வேறொன்று உறுத்துகிறது. 'பாருங்க' என்ற வினைக்கு அங்கே எழுவாய் இல்லை. இதைத் தோன்றா எழுவாய் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லாவிட்டாலும் யார் என்று கேட்பவருக்குத் தெரியும் என்பதால்தான் எழுவாயை விட்டுவிட முடிகிறது. மருத்துவரின் அறையில் அப்பா இருக்கலாம், பாட்டி இருக்கலாம், மாமா வண்டி ஓட்டி வந்திருக்கலாம். 'பாருங்க' யாருக்கான சொல் என்பதில் எவருக்கும் ஐயம் வருவதில்லை. மடியில் குழந்தையை வைத்திருப்பவளுக்கான சொல் அது.

தமிழில் 'பார்' என்ற வினையோடு 'கொள்' சேர்ந்தால் பொருளே மாறிவிடுகிறது. பார்ப்பது கண்ணின் வேலை. பார்த்துக்கொள்வது கைக்கும் காலுக்கும் இரவுக்குமான வேலை. முன்னதிலிருந்து பின்னதற்கு நாம் எப்படி நகர்கிறோம், அந்த நகர்வில் ஒருத்தி எப்படிக் காணாமல் போகிறாள் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. நோயுற்ற குழந்தையைக் கவனித்துக்கொண்டிருப்பது அன்பா, அறிவா, உழைப்பா? அன்பு என்றால் அதற்குக் கூலி கேட்க முடியாது. இயல்பூக்கம் என்றால் அதற்கு மதிப்புக் கேட்க முடியாது. ஆனால் அது தவறிப்போனால் மட்டும் கடமை என்று பெயர் மாறி, குற்றமாக அவள் தலையில் விழுகிறது. ஒரே செயலுக்கு எப்படி இத்தனை பெயர்கள்?

முதலில் அவள் எதைப் பார்க்கிறாள் என்று எழுதி வைப்போம். எங்கும் எழுதப்படாதது அது. புறங்கையைக் கழுத்தில் வைத்துச் சூட்டை அளக்கிறாள். கடைசியாகச் சிறுநீர் கழித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கு வைத்திருக்கிறாள். அழும்போது கண்ணீர் வருகிறதா, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி நிறுத்துகிறதா, மலத்தின் நிறமும் நாற்றமும் மாறியிருக்கின்றனவா, வாய்க்குள்ளோ உள்ளங்கையிலோ கொப்புளம் தெரிகிறதா, காய்ச்சல் இறங்கிய நேரத்திலாவது சிரிக்கிறதா அல்லது அப்போதும் துவண்டே கிடக்கிறதா. இவற்றில் பல, குழந்தை மருத்துவப் பாடநூல்கள் நீர்வற்றலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் சொல்லும் அறிகுறிகளேதான். கூடுதலாக அவளிடம் மட்டும் இருக்கும் ஒன்று உண்டு. இந்தக் குழந்தை நேற்று எப்படி இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஒப்பிட ஒரு நேற்று இல்லாமல் எந்த அறிகுறிக்கும் பொருள் இல்லை.

மூச்சை எண்ணுவதை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, 2 மாதம் நிறையாத குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒரு வயதிலிருந்து 5 வயது வரை 40. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கடிகாரமும் பொறுமையும் போதும். அடிவிலா உள்ளே இழுக்கிறதா என்று பார்க்கச் சட்டையைத் தூக்கினால் போதும். யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய வேலை இது. கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். செவிலியர் செய்தால் அது 'மதிப்பீடு'. அதையே தாய் செய்தால் 'அம்மா மனசு'.

என் மகளுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது மூன்று நாள் சளிக்குப் பிறகு ஓர் இரவு மூச்சு வேகமானது. இருமுறை எண்ணினேன், இரண்டு முறையும் 54. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியிலிருந்தவரிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்து, "எப்போலேர்ந்து சார் இப்படி இருக்கு?" என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் மறுபடி கணவரிடம், "அம்மாங்க எல்லாருமே கொஞ்சம் பயந்துதான் வருவாங்க சார்" என்றார். அரை மணி நேரம் கழித்து வந்த செவிலியர் எண்ணினார். 56 என்று தாளில் எழுதினார். அதன் பிறகுதான் குழந்தைக்கு மூச்சு வேகமானது, அந்த மருத்துவமனையைப் பொறுத்தவரை.

மகள் நலமானாள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எனக்குத் தெளிவு கிடைத்தது பின்னாளில் மிராண்டா ஃப்ரிக்கரைப் படித்தபோது. 2007இல் வெளிவந்த தன் நூலில் அவர், ஒருவர் சொல்வதை, சொல்பவர் யார் என்பதாலேயே குறைத்து மதிப்பிடுவதை ஒரு தனி வகை அநீதியாக வரையறுக்கிறார். அறிபவள் என்ற நிலையிலேயே ஒருத்திக்கு இழைக்கப்படும் தீங்கு அது. பொதுவாக இதை நாம் நீதிமன்றத்தோடும் காவல் நிலையத்தோடும் இணைத்துப் பேசுகிறோம். காய்ச்சல் அடிக்கும் குழந்தையோடு வரும் தாயின் சாட்சியத்தையும் அங்கே சேர்க்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பேசத் தெரியாத குழந்தைக்கு அவள்தான் வாய். அவளை நம்பாதபோது நம்பப்படாமல் போவது இரண்டு பேர். அதிலும் நான் ஆங்கிலம் தெரிந்த, அரசுச் சம்பளம் வாங்குகிற பெண். வெற்றிலைக் காவிப் பல்லும் கசங்கிய சேலையுமாக வருகிறவள் சொல்லும் 54 எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

இத்தனைக்கும், இந்தச் சாட்சியத்தின் மீதுதான் நோய்களைப் பற்றிய அறிவியலே கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1948இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஓர் ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. சளியும் வயிற்றுப்போக்கும் ஒரு வீட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்பதை அது பதிவுசெய்தது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் இன்று என்ன அறிகுறி, அல்லது அறிகுறி ஏதும் இல்லையா என்று நாள்தோறும் குறித்தவர்கள் அந்தக் குடும்பங்களின் தாய்மார்கள். ஆய்வாளர்கள் அனுப்பிய செவிலியர்கள் வந்து சேகரித்தார்கள். 1964இல் 'வீட்டில் நோய்' என்னும் பொருள்படும் தலைப்போடு புத்தகம் வந்தது. 25,000 நோய் நிகழ்வுகள் என்று அதன் துணைத்தலைப்பே பெருமையோடு சொல்கிறது. அட்டையில் டிங்கிள், பேட்ஜர், ஜோர்டன் என்று மூன்று ஆண்களின் பெயர்கள். சமைத்து முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து 'மூத்தவனுக்கு மூக்கொழுகல், சின்னவளுக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதிய பெண்கள், தகவல் தந்தவர்கள் ஆனார்கள். எழுதியவர்கள் ஆகவில்லை.

நம் வேலூரிலும் இப்படி ஒன்று நடந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் உள்ளிட்டோர் 2002இல் தொடங்கி, நகரின் எளிய குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். ரோட்டா வைரஸ் எப்போது, எத்தனை முறை தொற்றுகிறது என்று அறிவது நோக்கம். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை மலமாதிரி எடுத்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும் எடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் முழுவதும் 373 குழந்தைகள் ஆய்வில் நீடித்தார்கள். அதாவது அத்தனை தாய்மார்கள் மூன்று ஆண்டுகள், வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் நடுவே, கதவைத் திறந்து வைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, மாதிரியை எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள்.

2011இல் வெளியான அந்த முடிவுகளைப் பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. குழந்தைகளில் 95 விழுக்காட்டினருக்கு மூன்று வயதுக்குள் ரோட்டா தொற்றியிருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே. தொற்றுகளில் பெரும்பகுதி எந்த அறிகுறியும் காட்டவில்லை. மூன்று முறை தொற்றிய பிறகும், மிதமான அல்லது கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 விழுக்காடுதான். உலகின் வசதியான நாடுகளிலும், தடுப்பூசி வருவதற்கு முன், ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ரோட்டா தொட்டுவிட்டது. சுத்தமான வீடு, அழுக்கான வீடு என்று அது பார்ப்பதில்லை. குழந்தை பிழைப்பதிலும் சாவதிலும் வேறுபாட்டை உண்டாக்குவது, நீர்வற்றலை உடனே சரிசெய்ய மருத்துவம் எட்டுகிறதா என்பதும் தடுப்பூசி கிடைத்ததா என்பதும். தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டா தடுப்பு மருந்தை அரசே இலவசமாகக் கொடுக்கிறது.

"நீ கவனிக்கலையா?", "வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா ஏன் வருது?", "வேலைக்குப் போறேன்னு புள்ளைய விட்டுட்டா இப்படித்தான்" என்ற மூன்று கேள்விகளுக்கும் வேலூர்த் தாய்மார்கள் சேர்த்துத் தந்த பதில் அது. எவ்வளவு கூர்ந்த கண்ணுக்கும் அறிகுறியே காட்டாத தொற்று தெரியாது. அறிகுறி தோன்றும் முன்பே பரவிவிடும் வைரஸுக்கு, தொற்றவைத்தவர் என்று ஒரு குற்றவாளியைத் தேடுவதில் பொருள் இல்லை. தாயின் கவனிப்பு நோயைத் தடுக்கும் சுவர் இல்லை. நோய் மோசமாகும்போது நேரத்தோடு கண்டுகொள்ளும் கருவி அது. சுவர் என்று எண்ணுவதால்தான் நோய் வந்ததுமே அவளைக் குற்றம் சொல்கிறோம். கருவி என்று மதிக்காததால்தான் அவள் சொல்வதைக் கேட்க மறுக்கிறோம்.

இந்தக் குற்றச்சாட்டு நம் மரபில் பழையது. தமிழில் கொப்புளமும் தடிப்பும் வரும் நோய்களுக்கு அம்மை என்று பெயர். தாய்க்கும் அதுவே பெயர். குழந்தைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறோம். வெளியார் உள்ளே வருவதில்லை, அடுப்பில் தாளிப்பதில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை குழந்தை வெளியே போவதில்லை. தெருவுக்கே கொடுக்கப்பட்ட தொற்று அறிவிப்பு அது. யாரும் ஆணையிடாமல் வீட்டுப் பெண்கள் நடத்திவந்த தனிமைப்படுத்தல். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அதே வாசலில் "தீட்டு கலந்திருக்கும், அதான் ஆத்தா கோவிச்சிக்கிட்டா" என்ற பேச்சும் இருந்தது. மாதவிலக்கான பெண் யார் என்று கண்கள் தேடும். பெரியம்மையை ஒழித்தது வேப்பிலை இல்லை, தடுப்பூசி. வீடு வீடாகப் போய், நோயுற்ற குழந்தையின் படத்தைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கா?" என்று கேட்ட தேடலும் அதோடு சேர்ந்தது. அங்கேயும் கதவைத் திறந்து பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் பெண்களாக இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

இலக்கியத்திலாவது இந்தக் கவனிப்பு இருக்கிறதா என்றால், பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வருகிறது. மூன்றாம் மாதத்துக் காப்பில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பின்தொடரும் வடிவம். தவழ்வதும் கைகொட்டுவதும் நடந்துவருவதும் அதில் உண்டு. தாயின் இடத்தில் நின்று அவற்றைப் பாடியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண் புலவர்கள். பத்துப் பருவங்களில் காய்ச்சலுக்கு என்று ஒரு பருவம் இல்லை. மழலையைக் கேட்கத் தாயின் செவியை இரவல் வாங்கியவர்கள், இருமலைக் கேட்க வாங்கவில்லை.

இலக்கியம் விட்டதை அரசுப் பதிவேடுகள் பிடித்தனவா? 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மூன்று படிவங்களை வைத்து நடந்தது. துணை சுகாதார நிலையத்தின் பணியாளர், சந்தேகத்துக்குரிய நோயை எஸ் படிவத்தில் எழுதுவார். மருத்துவர் தம் அனுமானத்தை பி படிவத்தில். ஆய்வகம் தன் முடிவை எல் படிவத்தில். சந்தேகம், அனுமானம், உறுதி என அறிவின் படிக்கட்டு. அந்த முதல் படிக்கும் முன்னால் ஒருத்தி 'நேத்து ராத்திரியிலேர்ந்து சரியில்லை' என்று முடிவுசெய்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறாள். அவள் புறப்படாவிட்டால் எஸ், பி, எல் எதுவும் நிரம்பாது. அவளுக்கு அடுத்துள்ள அங்கன்வாடிப் பணியாளரும் கிராம செவிலியரும் பெண்கள்தாம். இந்தியாவின் பல மாநிலங்களில் வீடு வீடாகச் செல்லும் ஆஷாக்களுக்கு இன்றும் 'தன்னார்வலர்' என்றே பெயர். ஊதியம் இல்லை, ஊக்கத்தொகைதான். சங்கிலியின் கீழ்க்கண்ணிகளை அன்பு என்றும் சேவை என்றும் அழைத்துவிட்டால் செலவு மிச்சம்.

சட்டங்களுக்கு வந்தால் தோன்றா எழுவாய் வெளிப்படையாகவே தோன்றிவிடுகிறது. மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு முதல் 2 குழந்தைகளைக் கவனிக்க, பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 730 நாள் விடுப்பு உண்டு. 2018இல் ஆண்களுக்கும் அது விரிந்தது. ஆனால் மனைவி இல்லாத, தனித்த தந்தைக்கு மட்டும். மனைவி இருக்கும்போது அவன் ஏன் பார்க்க வேண்டும்? 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரும் உரிமையைப் பெண்ணுக்கு மட்டும் தந்தது. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் சின்னக் குழந்தைகள் ஐவர் இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தச் சொன்னது. இவையெல்லாம் போராடிப் பெற்ற நல்ல ஏற்பாடுகள். பெண்ணின் சுமையைக் குறைக்கின்றன. அது அவளுடைய சுமை என்பதை உறுதியும் செய்கின்றன.

அந்தச் சுமை தாயோடு நிற்பதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் மாணவிகளின் பெயருக்கு நேரே விடுப்புகள் கூடுகின்றன. விசாரித்தால் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் அக்காவின் குழந்தைக்கு, அல்லது கடைசித் தம்பிக்கு. அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே கல்லூரிக்குப் போகும் பெண் வீட்டில் நிற்கிறாள். அதே வீட்டு அண்ணன் என் சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. மருத்துவச் சான்று கொண்டுவந்தால் விலக்கு உண்டு. ஆனால் சான்றில் இருப்பது குழந்தையின் பெயர். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒருத்தியின் படிப்பை ஒரு சாதாரணச் சளி வைரஸ் நிறுத்திவிட முடியும். எந்த நோய்க் கணக்கிலும் அவள் பாதிக்கப்பட்டவளாக வரமாட்டாள்.

ஒரு மறுப்பைத் தோழிகளே சொல்வார்கள்: குழந்தைக்குத் தன்னை அறிந்த ஒருத்தி வேண்டாமா, எல்லோரும் பார்த்தால் யாருமே பார்க்கவில்லை என்றாகாதா? இதில் உண்மை உண்டு. ஒப்பிட நேற்று வேண்டும் என்று நானே மேலே சொன்னேன். ஆனால் மருத்துவமனை வார்டைப் பாருங்கள். இரவுப்பணி முடிக்கும் செவிலியர் காலைப்பணிக்கு வருபவரிடம் ஒப்படைக்கிறார்: இத்தனை மணிக்கு இவ்வளவு காய்ச்சல், இத்தனை முறை சிறுநீர், இந்த மருந்து இந்நேரம் கொடுத்தாயிற்று. நேற்று என்பது கைமாறுகிறது. அதனால் பராமரிப்பு கெட்டுப்போவதில்லை. எழுதி, சொல்லி, இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடியது எதுவோ அது அறிவு. இயல்பூக்கத்தை ஒப்படைக்க முடியாது. தாயின் கவனிப்பு முழுவதும் உள்ளுணர்வு என்றே இருந்தால்தான் அப்பாவுக்கு அது வராது, அண்ணனுக்கு அது வராது என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும். 'தாய்மைச் சிந்தனை' பற்றி 1989இல் எழுதிய சாரா ரடிக், குழந்தையைக் காப்பதும் வளர்ப்பதும் ஒரு பயிற்சி, அதிலிருந்து ஒரு சிந்தனை முறை பிறக்கிறது, ஆண்களும் அதில் ஈடுபடலாம் என்றார். ஈடுபடலாம் என்பதை ஈடுபட வேண்டும் என்று நான் படிக்கிறேன்.

எனவே சின்னச் சின்ன விஷயங்களில் தொடங்கலாம். வீட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். குழந்தையின் காய்ச்சலும் சிறுநீரும் மூச்சும் நேரத்தோடு அதில் இருக்கட்டும். அதில் ஒரே கையெழுத்து இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணப் பள்ளியிலேயே பையன்களுக்கும் கற்றுக்கொடுப்போம். மருத்துவர், "எப்போலேர்ந்து?" என்ற கேள்வியை நோட்டு வைத்திருப்பவரிடம் கேட்கட்டும். "பாருங்க" என்று சொல்லும்போது யார் எந்த இரவு என்று பிரித்துச் சொன்னாலும் தப்பில்லை. கல்லூரிகள் பராமரிப்புக்கான விடுப்பை வருகைக் கணக்கில் ஏற்கட்டும், அண்ணன் கேட்டாலும் தரட்டும்.

என் மகளுக்கு அந்த இரவுகள் நினைவில் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. நம்மை ஆக்கிய தொற்றுகளையும் அவற்றை விழித்திருந்து எண்ணியவர்களையும் நாம் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. குழந்தைக்கு இதில் எந்தக் கடனும் கிடையாது. அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கு உண்டு.